கோடைத் திருப்பமும் ஐசிஸ் தேவியின் கண்ணீரும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாளை ஒட்டிக் கதிரவன் தன் வடதிசைப் பயணத்தின் கடைசி எல்லையைத் தொடுகிறான். புவியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம் என்பது நாம் அனைவரும் பள்ளியில் படித்ததே. வட அரைக்கோளத்தில் பகற்பொழுது மிக நீண்டிருப்பது அன்றுதான். அன்று நண்பகலில் நம் கல்லூரித் திடலில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். நிழல் தெற்கே விழும். கதிரவன் நம் தலைக்கு வடக்கே போய்விட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்த நாட்களை ஒரு தேவியின் வருகையாகக் கண்டு, தம் உழவையும் ஆண்டுக் கணக்கையும் அதனோடு இணைத்துக்கொண்டவர்கள் பண்டை எகிப்தியர். புராணம் என்றாலே பொய் என்று ஒதுக்குவோர் உண்டு. எல்லா விஞ்ஞானமும் புராணத்திலேயே இருக்கிறது என்று மார்தட்டுவோரும் உண்டு. இருசாராரும் எகிப்தின் கதைக்குச் சற்றுக் காது கொடுப்பது நல்லது.

ஆறும் விண்மீனும்

எகிப்தில் மழை மிகக் குறைவு. நைல் இல்லையேல் எகிப்து இல்லை. கோடையில் எத்தியோப்பிய மலைகளில் பருவமழை பொழியும். அந்த நீர் நீல நைல் வழியாகவும் அட்பாரா ஆற்றின் வழியாகவும் கரிய வண்டலைச் சுமந்துகொண்டு இறங்கும். ஜூன் கடைசியில் அஸ்வானில் நீர்மட்டம் உயரத் தொடங்கும். செப்டம்பரில் வெள்ளம் உச்சத்தை எட்டும். வெள்ளம் வடிந்தபின் வண்டல் படிந்த வயலில் விதைப்பர். வானத்தில் ஒரு மேகமும் இல்லை, வெயிலோ கொளுத்துகிறது, ஆறு மட்டும் பெருகுகிறது! எத்தியோப்பியாவைக் கண்டிராத உழவனுக்கு இது அற்புதமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அதே நாட்களில் வானத்திலும் ஒரு நிகழ்ச்சி. இரவு வானில் மிகுந்த ஒளியுடைய விண்மீன் சிரியஸ். அது நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆண்டில் ஏறத்தாழ 70 நாட்கள் கதிரவனின் ஒளியில் மறைந்து கண்ணுக்குப் புலப்படாது. பிறகு ஒருநாள், விடிவதற்குச் சற்றுமுன் கீழ்வானில் சிறிது நேரம் மின்னிவிட்டு மறையும். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அந்த நாள் கோடைத் திருப்பத்தை ஒட்டியே வந்தது. கதிரவன் எல்லையைத் தொட, விண்மீன் திரும்ப, ஆறு பெருக என்று மூன்றும் ஒருசேர நிகழ்ந்தன. அந்த விண்மீனைத் தலையில் விண்மீன் சூடிய பெண்ணாக வரைந்து, சோப்தெத் என்று பெயரிட்டனர். அவளே ஐசிஸ் தேவி என்ற எண்ணமும் வேரூன்றியது.

இரு தேவியரின் கதைகள்

ஐசிஸின் கணவன் ஓசிரிஸ் நல்லரசன். பொறாமை கொண்ட தம்பி சேத் அவனைக் கொன்று, உடலைத் துண்டாக்கி நாடெங்கும் வீசினான். ஐசிஸ் அழுதுகொண்டே அலைந்து, துண்டுகளைத் தேடிச் சேர்த்து உயிர்ப்பித்தாள். ஹோரஸ் என்னும் மகனைப் பெற்று, கழிமுகச் சதுப்பு நிலத்தில் மறைத்து வளர்த்தாள். அவள் சிந்திய கண்ணீரால்தான் நைல் பெருகுகிறது என்று மக்கள் நம்பினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயணி பாசானியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். சமயங்கள் மாறிய பின்னும், ஜூன் நடுவில் ஓர் இரவை ‘துளி விழும் இரவு’ என்று எகிப்து மக்கள் பல நூற்றாண்டுகள் கொண்டாடி வந்தனர்.

மற்றொரு கதை செக்மெத் என்னும் சிங்கமுகத் தேவியுடையது. கதிரவக் கடவுளின் சினமே அவள். மனிதரை அழிக்கப் புறப்பட்டவளைத் தடுக்க, செந்நிறம் கலந்த மதுவை வயல்களில் வெள்ளமாய் ஊற்றினர். இரத்தம் என்றெண்ணிக் குடித்து மயங்கி, அவள் சினம் தணிந்தாள். கொளுத்தும் கோடையையும் செந்நிறமாய் வரும் புதுவெள்ளத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதை எங்கே பிறந்தது என்பது விளங்கும்.

கதையிலிருந்து கணக்கு

பக்தியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆண்டை வெள்ளம், விளைச்சல், அறுவடை என மூன்று பருவங்களாகப் பிரித்தனர். பருவத்துக்கு நான்கு மாதம், மாதத்துக்கு 30 நாள். மிஞ்சிய ஐந்து நாட்களை ஐசிஸ் உள்ளிட்ட ஐந்து கடவுளரின் பிறந்தநாட்கள் ஆக்கினர். ஆக 365 நாட்கள். ஆனால் மெய்யான ஆண்டோ ஏறத்தாழ 365¼ நாள். எனவே நான்காண்டுக்கு ஒருநாள் வீதம் நாட்காட்டி நழுவியது. சுமார் 1,460 ஆண்டுகள் கழிந்தால்தான் புத்தாண்டும் விண்மீனும் மீண்டும் சேரும். கி.மு. 238இல் மூன்றாம் தாலமி காலத்தில் கூடிய பூசாரிகள் நான்காண்டுக்கு ஒருநாள் கூட்ட வேண்டும் என்று ஆணை பொறித்தனர். அது அப்போது நிலைக்கவில்லை. பின்னர் ஜூலியஸ் சீசர் அதே முறையைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 29ஆம் நாளின் வரலாற்றில் ஒரு தேவியின் விண்மீனுக்கும் பங்குண்டு!

விண்மீனும் இன்று பழைய நாளில் தோன்றுவதில்லை. கெய்ரோவில் அது இப்போது ஆகஸ்டு தொடக்கத்தில்தான் விடியலில் தெரிகிறது. புவியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவதே இதற்கு முதற்காரணம். கதை நிலைத்துவிட்டது, வானம் நகர்ந்துவிட்டது. நகர்வை அளந்து சொல்வது விஞ்ஞானத்தின் வேலை.

நமக்கு என்ன?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். எங்கள் அப்பாயி எழுத்தறியாதவர். ஆடிப் பதினெட்டன்று காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாக எண்ணிக் கலந்த சோறும் காதோலை கருகமணியும் படைப்பார். “இயற்பியல் படிக்கிற நீ இதை ஏற்கிறாயா?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு.

என் விடை இது: கதிரவன் வடக்கே போகையில் வடபால் நிலம் சூடேறுகிறது, மழைப்பட்டையும் வடக்கே நகர்கிறது. எத்தியோப்பியாவில் பெய்வதும் குடகில் பெய்வதும் அந்தக் கோடைக்கால மழைகளே. ஆகவே ஐசிஸின் கண்ணீருக்கும் ஆடிப்பெருக்குக்கும் வானில் இருக்கும் காரணம் ஒன்றே. அப்பாயிக்குக் காரணம் தெரியாது. ஆனால் காலம் தெரியும், எப்போது விதை விடவேண்டும் என்பதும் தெரியும். கதை அவருடைய நாட்காட்டி. அதை ஏளனம் செய்யும் உரிமை என் பட்டத்துக்குக் கிடையாது. அதுவே காரணம் என்று பரீட்சைத் தாளில் எழுதும் உரிமையும் எனக்குக் கிடையாது.

1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்டபின் நைலின் ஆண்டு வெள்ளம் நின்றது. பஞ்ச பயமும் குறைந்தது. வயலுக்கு வந்த வண்டலும் நின்றது. நீரில் மூழ்கவிருந்த பிலே தீவின் ஐசிஸ் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து, பக்கத்துத் தீவில் மீண்டும் கட்டி, 1980இல் திறந்தனர். ஆனால் நைல் பெருக்கு விழா ஆகஸ்டில் இன்றும் நடக்கிறது. இங்கும் 1934 முதல் மேட்டூர் மதகுகளே நீரை அளந்து விடுகின்றன, ஆடிப்பெருக்கு நின்றுவிடவில்லை. மதகை மனிதன் திறக்கலாம்; மழையை மனிதன் செய்யவில்லை என்பதை இவ்விழாக்கள் நினைவூட்டுகின்றன. தண்ணீரைக் கணக்கில்லாமல் பாழாக்கும் நமக்கு அந்த நினைவு அவசியம்.

நண்பர்களே, நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். எந்த மீன் எழும்போது எதை விதைத்தார்கள், எந்தக் காற்றுக்கு எதை அறுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு ஆய்வுக்கூடத்து அறிவைக் கொண்டு அவற்றைச் சோதியுங்கள். எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம். அவர்கள் கண்டறிந்ததை எழுதிவைப்பதும் நம் கடமையே.