ஒரு வருஷம் மூத்தவர்

மே மாதத்தின் பிற்பகுதியில், செய்யாற்றை அடுத்த ஒரு கிராமத்தின் அரசாங்க மேல்நிலைப் பள்ளிக்கு வேறொரு காரியமாக நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு, வேப்பமர நிழல் சாய்ந்த தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராக இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் செல்போனும் மடியில் காகிதக் கட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காட்சி வியப்பாக இருந்தது. அவர்களுள் நால்வர் அதே பள்ளியில் படித்துத் தேறி இப்போது கல்லூரியில் இருப்பவர்கள். மற்றவர்கள் அந்த மாதம்தான் பிளஸ் டூ முடிவைப் பார்த்தவர்கள். வாத்தியார் என்று ஒருவரும் அங்கே இல்லை.

முதல் வருஷத்தை முடித்திருந்த ஒரு பெண், தன் எதிரே நின்ற பையனின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அறுநூற்றுக்கு 480 வாங்கிவிட்டோம் என்ற நிறைவு அவன் முகத்தில் இருந்தது. அவள் பென்சிலை எடுத்துத் தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல் ஆகிய மூன்றின் மேலும் மெல்லிசாகக் கோடு இழுத்தாள்.

“இதெல்லாம் இன்ஜினியரிங் கட்-ஆஃபுல சேராது தம்பி. மேத்ஸ் அப்படியே 82. பிசிக்ஸ் 74ல பாதி 37, கெமிஸ்ட்ரி 78ல பாதி 39. மொத்தம் 158. இருநூறுக்கு 158. இனிமே யார் மார்க்கு கேட்டாலும் இதத்தான் சொல்லணும்.”

பையனின் முகம் சற்று வாடியது மெய்தான். ஆனால் பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்கு, தான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வெளியுலகில் என்ன பொருள் என்பதை முதன்முதலாகச் சொன்னவள், அவனைவிட ஒரே ஒரு வருஷம் மூத்த ஒரு பெண் என்பதை நினைத்துக்கொண்டே நான் அங்கிருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டேன். வந்த காரியம் அன்று நடக்கவில்லை.

பொறியியல் படிப்புக்கு முன்பெல்லாம் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2006ஆம் வருஷத்துச் சட்டம் அதை நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணையே அளவுகோலாக்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பேருபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017 வரையில் கலந்தாய்வு என்றால், தகப்பனும் பிள்ளையும் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் காத்திருந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்று திரையில் ஓடுவதைப் பார்த்து, அங்கேயே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு திரும்புவதாக இருந்தது. 2018 முதல் இவை எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. பிரயாணச் செலவும் அலைச்சலும் மிச்சம், ஆனால் அந்த மண்டபத்தில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்றொரு தகப்பனாரிடம் “ஐயா, இந்தக் காலேஜ் எப்படி?” என்று விசாரிக்கும் வசதி இருந்ததே, அது போயிற்று. காரியம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமற் போனதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் இந்தப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்ற வருஷம் தனக்கு நேர்ந்ததை அந்தப் பெண் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். விண்ணப்பம் போடப் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது, வீட்டில் இருந்த ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டார் என்பதற்காக, கடைக்காரர் நல்லெண்ணத்தோடு தம்முடைய நம்பரையே பதிந்துவிட்டாராம். பிற்பாடு வந்த ஓடிபி, சான்றிதழ் சரிபார்ப்புச் செய்தி, ஒதுக்கீட்டுச் செய்தி யாவும் அவருக்கே போயின. இடத்தை உறுதி செய்யவேண்டிய கடைசி நாளில் அவர் திருப்பதி மலைமேல் க்யூவில் நின்றிருந்தார். எப்படியோ சமாளித்தாள், ஆயினும் “சொந்த நம்பர் குடு, ரீசார்ஜ் தீராம பாத்துக்கோ” என்று அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களில் இருந்த அழுத்தம், எந்தக் கையேட்டிலும் அச்சாகக் கூடியது அன்று.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் அதுவரை பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லையென்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக ஏறி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவாகும். இதே மே மாதத்தில் ஊருக்குள் வேறொரு வகை மனிதர்களும் வருகிறார்கள். தோளில் ஒரு பையும், வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட கல்லூரிப் படமும், “கவுன்சிலிங்கெல்லாம் எதுக்கு அலையறீங்க, சர்டிபிகேட்டக் குடுங்க, சீட்டு நம்ம பொறுப்பு” என்ற இனிய வார்த்தையுமாக வீடு வீடாக ஏறுகிற தரகர்கள். அவர்களிடம் மூலச் சான்றிதழைக் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு, முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கென்று மருத்துவத்தில் 2020லும், பொறியியல் முதலான படிப்புகளில் 2021லும் ஏற்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்த வழியில் கைநழுவிப் போகும். தகப்பனாருக்கு இது தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. தரகருக்கு நன்றாகத் தெரியும்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். 1789ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் நடத்த விரும்பினார், ஆசிரியர்கள் இணங்கவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். அது பலித்தது. 1797ல் லண்டனில் அவர் அதை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது கடல்கடந்து பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே ஒரு பள்ளி இருக்கிறது. பெல் கண்டது சிக்கனம். ஒரே வாத்தியார் சம்பளத்தில் நூறு பிள்ளைகள். பழைய சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறைப்பானேன்? அவன் சொல்லிக் கொடுத்தது பாடத்தை. பாடத்தை வாத்தியாரும் சொல்ல முடியும். இந்தத் தாழ்வாரத்துச் சட்டாம்பிள்ளைகள் சொல்வதோ வழியை. முப்பது வருஷத்துக்கு முன் அந்த வழியே போன வாத்தியாரின் நினைவில் இருப்பது வேறு வழி. சென்ற ஜூலையில் இடறி விழுந்த பெண்ணுக்குத்தான் கல் எங்கே கிடக்கிறது என்பது தெரியும்.

ஆனாலும் இதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அன்று அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஓர் இளைஞன், “மெக்கானிக்கல் எடுக்காத, வேலையே கெடையாது” என்று ஒரு பையனிடம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது ஒரு கல்லூரி, ஒரு துறை, இரண்டு வருஷம். எப்படி விண்ணப்பிப்பது என்பதில் அவன் வார்த்தை பிரமாணம். எதைப் படிப்பது என்பதில் அது ஒரு வாலிபனின் அபிப்பிராயம் மாத்திரமே. கேட்கிற பிள்ளைக்கு இந்த வேற்றுமை விளங்குவதில்லை, அண்ணன் சொன்னால் வேதவாக்கு. விதிகளும் வருஷந்தோறும் சிறிது மாறுகின்றன. சென்ற வருஷத்து வழியைச் சத்தியம் செய்கிறவர், இந்த வருஷத்து அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

உயர்கல்வியில் சேர்வோரின் மொத்த விகிதம் 2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம்; இந்திய சராசரி 28.4. இவ்வளவு உயரத்துக்கு வந்தபின் மிஞ்சி நிற்பவர்கள், பெரும்பாலும் சொல்ல ஆள் இல்லாதவர்கள்தாம் என்பது என் ஊகம். அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளை நடத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022லும், பையன்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024லும் தொடங்கின. நடிகர் சூர்யா 2006ல் நிறுவிய அகரம் அறக்கட்டளையின் உதவியால் படித்தவர்களில் பலர் பிற்பாடு அதே ஸ்தாபனத்தின் தன்னார்வலர்களாக வந்து சேர்கிறார்கள். மேடையில் ஒலிபெருக்கி வைத்து ஆயிரம் பேருக்குச் சொல்வதும் வேண்டியதுதான். மதிப்பெண் பட்டியலில் பென்சிலால் கோடு இழுப்பதற்கு மாத்திரம் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இம்முறை அதற்கென்றே, மறுபடி போனேன். விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்கள். மாணவி ஒருத்தி, பக்கத்து ஊர்க் கல்லூரி நிச்சயம் கிடைக்கும் என்பதால் அதை முதலில் எழுதி, ஆசைப்பட்ட அரசுக் கல்லூரிகளைக் கீழே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண் பொறுமையாகப் பட்டியலைத் தலைகீழாக்கினாள். கணினியானது தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை, எட்டும் கல்லூரியை மேலே எழுதினாலோ அதற்குக் கீழே உள்ளது எதுவும் பார்க்கப்படாது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். “பத்தோட நிறுத்தாத பாப்பா, அம்பது போடு” என்றாள்.

இவ்வளவையும் மாணவியின் தகப்பனார் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கட்-ஆஃபைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. பட்டியல் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, மேல எழுதுனியே, நீ படிக்கிற காலேஜு, அங்கருந்து நம்ம ஊர் பக்கம் ராத்திரி கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“எட்டே முக்காலுக்குப்பா. லேப் இருந்தா சில நாளு ஓடித்தான் பிடிக்கணும். கண்டக்டரு தெரிஞ்சவரு, ஒரு நிமிஷம் நிறுத்துவாரு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, மகளைப் பார்த்து, “சரி, அத்தயே மேல போடு” என்றார்.