அடுப்புக் குழாயை ஏன் 'தலைகீழாக' மாட்டுகிறார்கள்?

அமெரிக்கா, கனடா மாதிரி குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு இன்றும் பல வீடுகளில் உண்டு. மூடிய இரும்புப் பெட்டி, புகை போக மேலே ஒரு தகரக் குழாய், அவ்வளவுதான். குழாய் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையை நெளிவு போட்டுச் சற்றே சுருக்கியிருப்பார்கள், இன்னொரு துண்டுக்குள் செருகுவதற்காக. அந்தச் சுருக்கிய முனை மேலே பார்க்கணுமா, கீழே பார்க்கணுமா?

புகை மேலேதானே போகிறது, அப்போ மேலே என்றுதான் யாருக்கும் தோன்றும். சரியான விடை: கீழே, அடுப்பைப் பார்த்து. நம்ம ஊர் மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பாருங்க. மேல் குழாயின் முனை கீழ்க் குழாயின் வாய்க்குள் இறங்கியிருக்கும். இதுவும் அதே மாதிரிதான்.

அப்படியானால் இணைப்பு வழியாகப் புகை கசியாதா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்தக் குழாய் புகையைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசானது. அதனால் குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் குறைவு. இணைப்பில் சின்ன இடுக்கு இருந்தாலும் அறைக்காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே வராது.

ஆனால் திரவம் வேறு கதை. விறகுப் புகையில் நீராவியும் தார் போன்ற பொருட்களும் உண்டு. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அவை குழாய்ச் சுவரில் படியும். இதற்கு கிரியோசோட் என்று பெயர். அது கீழ்நோக்கி வழியும்போது சுருக்கிய முனை கீழே இருந்தால் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்புக்குள் போய் எரிந்துவிடும். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே கசியும். நாற்றம் மட்டுமில்லை, எரியக்கூடிய பொருள் வேறு.

சரி, அந்த உறிஞ்சல் எவ்வளவு வலுவானது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாய் உயரம் 5 மீட்டர், உள்ளே சராசரி 200 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால், அழுத்த வித்தியாசம் சுமார் 27 பாஸ்கல். காற்று மண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல்! குழாய் 60 டிகிரிக்கு ஆறிவிட்டால் 27 என்பது 11 ஆகிவிடும். இறுக்கமாக மூடிய வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனே சில பாஸ்கலைத் தின்றுவிடும்.

இது தெரிந்தால் மற்ற விதிகள் தானாகப் புரியும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏன்னா ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தடுக்கும். படுக்கையாகப் போகும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சரிவு வேண்டும். புகைபோக்கி, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரணும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்கணும். இல்லாவிட்டால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே அமுக்கும்.

நெருப்பு பயமும் உண்டு. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரச்சுவருக்கும் 18 அங்குல இடைவெளி என்பது அமெரிக்காவில் பொது விதி. கூரை வழியாகப் போகும் பகுதிக்கு வெப்பத்தடுப்பு உள்ள தனிக் குழாய்தான் போடணும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ. படிந்த கிரியோசோட் தீப்பிடித்தால் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும், குழாய் அதிரும். ஸ்க்ரூ இல்லாவிட்டால் கழன்று விழும்.

மரத்தூள் உருளைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு மட்டும் விதிவிலக்கு. அதில் ஃபேன் புகையைத் தள்ளுகிறது. அங்கே ஒவ்வொரு இணைப்பையும் காற்று புகாமல் அடைத்தே ஆகணும்.

விறகு அடுப்பில் அதிக ஆபத்தான நேரம், நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் கங்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது. குழாய் ஆறும், இழுவை குறையும். கங்கிலிருந்து புகை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கு எச்சரிக்காது. குழாயை எவ்வளவு ஒழுங்காக மாட்டியிருந்தாலும், படுக்கையறைப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம்.