மேலே இன்னும் மலை இருக்கிறது

அயர்லாந்தின் மொனஹன் கவுண்டியில் மிக உயரமான இடம் எது? 373 மீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். போய் நின்று பார்த்தால்தான் வேடிக்கை. அது சிகரமே அல்ல. ஸ்லீவ் பே என்ற மலையின் சரிவில் ஏதோ ஓர் இடம். தரை அதற்கு மேலும் ஏறிக்கொண்டுதான் போகிறது. ஆனால் நாலு எட்டு வைத்தால் கவுண்டி மாறிவிடும், கூடவே நாடும் மாறிவிடும். மலையின் உண்மையான உச்சி, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்தில் இருக்கிறது. நடுவே பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. பாதையும் இல்லை.

அயர்லாந்துத் தீவின் 32 கவுண்டிகளிலும் உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்று கிளம்பும் மலைப்பித்தர்கள் உண்டு. அவர்கள் பட்டியலின் தலையில் இருப்பது கெர்ரியின் காரன்டூஹில், 1,038 மீட்டர். கடைசியில் வெஸ்ட்மீத்தின் முல்லாமீன், வெறும் 258 மீட்டர். பீச் மரக்காட்டுக்குள் பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம். கால்டிமோர் மலை லிமெரிக், டிப்பரரி இரண்டுக்கும் பொது உச்சி என்பதால் ஒரே ஏற்றத்தில் இரண்டு கவுண்டி கணக்கில் சேரும். பேர்போன மலைகளில் ஆயிரம் கால்கள் போட்ட தடம் இருக்கும். மொனஹன் மாதிரி இடங்களுக்கு யாரும் மலைக்காகப் போவதில்லை. பட்டியலுக்காகத்தான் போகிறார்கள்.

மொனஹனின் உயர்ந்த இடம் சரிவில் விழுந்த இந்தக் கோளாறுக்கு மலை பொறுப்பல்ல. மொனஹன் அடங்கிய அல்ஸ்டர் பகுதியை 1585 வாக்கில் ஆங்கில ஆட்சி கவுண்டிகளாகக் கூறுபோட்டபோது, எந்தக் குலத்தலைவரின் நிலம் எதுவரை என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. உச்சி யார் பக்கம் விழுகிறது என்று எவரும் கவலைப்படவில்லை. 1825இல் தொடங்கிய எல்லை அளவைக்கு ரிச்சர்ட் கிரிஃபித் தலைமை ஏற்றார். உள்ளூர்க்காரர்கள் நடந்து காட்டிய எல்லைகளை அவருடைய ஆட்கள் குறித்துக்கொண்டார்கள். பிறகு 1921இல் நாடு பிரிந்தது. சதுப்பின் மேல் ஓடிய கவுண்டிக் கோடு ஒரே நாளில் நாட்டெல்லை ஆனது.

சதுப்பு என்றேன். ஸ்லீவ் பேயின் மேற்பரப்பைப் போர்வையாக மூடியிருப்பது பீட். செத்த பாசியும் புல்லும் மழைநீரில் ஊறி, மக்காமல், ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் சேர்ந்த கரிய மண். அதில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் தண்ணீர். பார்வைக்கு நல்ல புல்வெளி. காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுக்கும். காலை உருவினால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். ஹீதர் புதர் மண்டிய இடத்தில் அடி ஓரளவு நிற்கும். பச்சைப்பசேல் என்று பளபளக்கும் பாசியை நம்பவே கூடாது.

வழி கண்டுபிடிப்பது இன்னொரு பாடு. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவிலான அரசு வரைபடத்தில் பத்து மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு. இவ்வளவு சாய்ந்தும் சாயாமலும் கிடக்கும் நிலத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய வெளி விரிந்துகிடக்கும். மூடுபனி இறங்கினால் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாது. அப்போது திசைகாட்டியைப் பிடித்து, நேர்கோட்டில் தெரிகிற ஒரு புல்கொத்தைக் குறிவைத்து அதுவரை போவது. அங்கிருந்து அடுத்த கொத்து. குறுக்கே பீட் அரித்துப்போன கரும்பள்ளம் வந்தால் சுற்றிப்போய் மறுபடி அதே கோட்டைப் பிடிக்க வேண்டும். கையில் ஜிபிஎஸ் இருந்தால் இந்த வேலை மிச்சம். ஆனால் பேட்டரி குளிரில் சீக்கிரம் உயிரை விடும்.

பாதை போட்டுவிட்டால் தீராதா? மேற்கே குல்கா மலையில் 2015இல் போட்டார்கள். சதுப்பைக் காப்பாற்றத்தான் அந்த மர நடைபாதை. படங்கள் இணையத்தில் பரவியதும் கூட்டம் பல மடங்கு பெருகிவிட்டது. பலகை உச்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் அங்கேயா நிற்பார்கள்? இதைப் பார்த்த பிறகு, மொனஹனுக்குப் பாதை வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தவிர, ஸ்லீவ் பே, ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்து இனத்துக்காக ஒதுக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதி. அந்தப் பறவை தரையில், ஹீதருக்குள் கூடு கட்டும். வசந்தத்தில் இஷ்டத்துக்குப் புதருக்குள் நுழைவது தப்பு.

அயர்லாந்தில் மலைமேல் எங்கும் திரியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான மேட்டுநிலம் தனியாருக்கோ பல குடும்பங்களுக்குப் பொதுவாகவோ சொந்தம். விவசாயி விடுவதால்தான் போகிறோம். அதனால் வண்டியை வாயிற்கதவுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். திறந்த கதவைத் திறந்தபடியும், மூடிய கதவை மூடியும் விட்டுவிட்டு வாருங்கள். ஆடு மேயும் இடம். நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.