மணலின் கீழிருக்கும் நன்னீர்: கல்முனைக்குடி கவனிக்க வேண்டியது

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலம் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அக்கிணறுகளுக்கு இருந்த மதிப்பு மறைந்து வருகின்றது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்கள் வீதிதோறும் பதிக்கப்பட்ட பின்னர், கிணறு என்பது முற்றத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய பொருள் என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. சிலர் அதனைத் தூர்த்து அதன்மேல் அறை கட்டுகின்றனர். வேறு சிலர் அதனைக் குப்பைக் குழியாக்குகின்றனர். கல்முனைக்குடி போன்றதோர் ஊரில் இது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை விளங்கிக்கொள்வதற்கு, அந்தக் கிணற்றில் இருக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கல்முனை நகருக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே, கிழக்கில் கடலும் மேற்கில் நெல்வயல்களும் எல்லையாக அமைய, ஒடுங்கிய மணற்பட்டியொன்றின் மீது நெருக்கமாகக் குடியேறிய ஊர் கல்முனைக்குடி. அருகில் ஆறு இல்லை. தோண்டினால் பாறை ஊற்றும் இல்லை. அப்படியிருந்தும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கிணற்றில்கூட தலைமுறை தலைமுறையாக நன்னீர் கிடைத்து வந்துள்ளது. இது மழை தந்த நீர். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையில் பெய்யும் வடகீழ்ப் பருவமழை மணலினூடாக இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மீது ஒரு படையாக மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில் கனமானது என்பதே இதற்குக் காரணமாகும். வில்லை வடிவில் மிதக்கும் இந்த நீர்ப்படையின் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அந்தக் கணக்கு.

கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் இக்கணக்கு மறுபுறமாகவும் செயற்படும். மேலே ஓரடி நீர்மட்டத்தை நாம் நிரந்தரமாக இறக்கிவிட்டால், காலப்போக்கில் கீழே நாற்பது அடி நன்னீரை இழக்க நேரிடும். வாளியால் அள்ளிய காலத்தில் இந்த அபாயம் பெரிதாக இருக்கவில்லை. மனிதனின் தோள்வலுவே எல்லையாக இருந்தது. இன்று மின்மோட்டார் அரை மணித்தியாலத்தில் கூரைமேல் தாங்கியை நிரப்பிவிடுகின்றது. அவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சும்போது, கிணற்றின் அடியிலிருக்கும் உப்புநீர் ஒரு கூம்பு போல மேலெழும். ஒருமுறை மேலெழுந்த உப்புநீர், மோட்டாரை நிறுத்தியவுடன் அதே வேகத்தில் இறங்கிவிடுவதில்லை. மணல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலோரத்தில் ஆழமான குழாய்க்கிணறு அடித்தால் நல்ல நீர் கிடைக்கும் என்று நம்புவோர், உப்புநீரின் வாசலைத் தாமே தட்டுகின்றனர்.

இந்த உண்மையை நமது மக்கள் மிகவும் கொடிய முறையில் கற்றுக்கொண்ட நாள் 2004 டிசெம்பர் 26. இலங்கையில் சுனாமியால் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். அந்தப் பேரிழப்பின் நடுவே கிணறுகளைப் பற்றி எண்ணுவதற்கு எவருக்கும் மனம் இருந்திராது. ஆனால் எஞ்சியவர்கள் குடிப்பதற்கு நீர் வேண்டியிருந்தது. கரையோரத்தின் ஆயிரக்கணக்கான கிணறுகள் கடல்நீராலும் சேற்றாலும் நிரம்பிக் கிடந்தன. உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்துடன் இயந்திரங்களைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தனர். உப்பு நீங்கவில்லை என்று மீண்டும் இறைத்தனர். இறைத்த உப்புநீர் பக்கத்திலேயே ஊற்றப்பட்டு மணலினூடாகத் திரும்பி வந்தது. கூடுதலாக இறைத்த இடங்களில் அடியிலிருந்தும் உப்பு ஏறியது. சில கிணறுகள் இடிந்தும் போயின. கிழக்குக் கரையோரத்தின் கிணறுகளைத் தொடர்ந்து அவதானித்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கூறியது எளிமையானது: சேற்றையும் அழுக்கையும் அகற்ற அளவோடு இறைத்துவிட்டு, பிறகு மழைக்காகப் பொறுத்திருங்கள். அடுத்தடுத்து வந்த பருவமழைகளே உப்பைக் கழுவி வெளியேற்றின. இயந்திரத்தால் ஆகாததை மழை செய்தது. இந்தப் பாடத்தை அனுபவித்த தலைமுறை இன்னும் நம்முடன் வாழ்கின்றது. ஆனால் பிள்ளைகளுக்கு அது சொல்லப்படுகின்றதா என்பது ஐயத்துக்குரியது.

உப்பு வெளியிலிருந்து வரும் பகை. இன்னொரு பகையை நாமே வளவுக்குள் வைத்திருக்கின்றோம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடி தூரம் இருக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையினர் பொதுவாக வலியுறுத்தும் விதி. ஆறு பேர்ச் வளவொன்றை எடுத்துக்கொள்வோம். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கத்தின் நீளம் நாற்பது அடி மட்டுமே. மூலைக்கு மூலை அளந்தால்தான் ஐம்பது அடி கிடைக்கும். அப்படியே ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் குழியையும் அமைத்தாலும், மதிலுக்கு அப்பால் அயல்வீட்டாரின் குழி நமது கிணற்றுக்கு எத்தனை அடியில் இருக்கின்றது? இதற்கு எந்தத் தனி வீட்டாரும் விடை காண முடியாது. மணல் நீரை விரைவாகக் கடத்தும் தன்மையது. குழியில் இறங்குவது கிணற்றுக்கு வரும்.

அவ்வாறு வருபவற்றுள் கிருமிகளை நாம் அறிவோம். நீரைக் கொதிக்கவைத்தால் அவை இறந்துவிடும். நைத்திரேற்று அத்தகையதன்று. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்கவைத்தால் நீர் வற்றி அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பூக்கும் நிலை ஏற்படலாம். கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தில் மரக்கறிச் செய்கைக்கு இடப்பட்ட பசளையினால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கே பசளை செய்த வேலையை, நெருக்கமான குடியிருப்பில் மலக்குழி செய்யும். எனவே குடிப்பதற்குக் குழாய்நீரையும், கழுவுவதற்கும் மரங்களுக்கும் கிணற்று நீரையும் பயன்படுத்துவதே இன்றைய நிலையில் அறிவுடைமையாகும். அவ்வாறு கூறுவதால் கிணற்றை எப்படியும் கெடவிடலாம் என்று பொருளாகாது.

கிணற்றைச் சூழக் காக்கப்பட வேண்டிய நிலம் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. இஸ்லாமியச் சட்டவியலில் அதற்கு ‘ஹரீம்’ என்று பெயர். கிணறு தோண்டியவருக்கு அதைச் சுற்றி நாற்பது முழ நிலம் உரியது என்ற நபிமொழியை அடியொற்றி, அந்த எல்லைக்குள் பிறர் வேறு கிணறு தோண்டுவதையும் கிணற்றுக்குக் கேடு விளைவிப்பதையும் சட்டவியலாளர்கள் தடுத்தனர். உஸ்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மஜல்லா’ சட்டக்கோவையிலும் இந்த நாற்பது முழம் இடம்பெற்றது. நாற்பது முழம் என்பது அறுபது அடி. சுகாதாரப் பரிசோதகர் கூறும் ஐம்பது அடிக்கும் இதற்கும் வேறுபாடு சொற்பமே.

இனி மாலைதீவைப் பார்ப்போம். நாம் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க உதாரணம் அங்கேதான் உள்ளது. தலைநகர் மாலே, கல்முனைக்குடியைப் போன்றே கடலோடு ஒட்டிய, நெருக்கமான, முஸ்லிம்கள் வாழும் ஊர். அங்கும் மணலுக்கும் முருகைக்கல்லுக்கும் கீழே நன்னீர் வில்லையொன்று இருந்தது. வீடுகளும் பள்ளிவாசல்களும் கிணறுகளை நம்பியே நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தன. 1970களில் சனத்தொகை பெருகியது, மோட்டார்கள் வந்தன, மலக்குழிகள் கிணறுகளை நெருங்கின. 1978இல் மாலைதீவில் கொலரா பரவியது. 1980களின் இறுதியில் கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கப்பட்டு, முன்னர் மணலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நீர் கடலுக்கு அனுப்பப்பட்டது. சுகாதாரத்துக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் அள்ளுவது குறையாமல் திரும்புவது நின்றதால், எஞ்சியிருந்த நன்னீரும் தேய்ந்து போனது. அதுமுதல் மாலே, கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நகராயிற்று. 2014 டிசெம்பர் 4ஆம் திகதி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரே நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியா விமானங்களில் தண்ணீர் அனுப்பியது, இலங்கையும் அனுப்பியது. காலடியில் நன்னீர் இருந்த நகரம், போத்தல் நீருக்காக வரிசையில் நின்றது.

நமக்குக் குழாய்நீர் வருவது கடலிலிருந்தன்று. கல்லோயாத் திட்டத்தின் நீரைப் பெறும் அம்பாறை கொண்டவட்டுவான் குளத்தின் பக்கமிருந்து என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த நீரையே நெற்செய்கையாளரும் எதிர்பார்க்கின்றனர். வறட்சியான சிறுபோகத்தில் வயலும் குழாயும் ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன. அந்த வயல்களின் சொந்தக்காரர்களுள் நமது ஊரவர்களும் உள்ளனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு நாடு எரிபொருளின்றி, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களுக்கும் மேலாக மின்வெட்டில் கிடந்தபோது, வாளியும் கயிறும் வைத்திருந்த வீட்டார் அயலவருக்கும் நீர் கொடுத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் குழாய்நீர்க் கட்டணங்கள் உயர்த்தப்பட்ட பின்னர், முற்றத்துக் கிணற்றின் பெறுமதியை மாதாந்தப் பட்டியலே காட்டுகின்றது.

கிணற்றைத் தூர்ப்பவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று நியாயமானது. பாவனையற்ற கிணற்றில் டெங்கு நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர் எச்சரிக்கின்றார். அதற்குக் கிணற்றை மூட வேண்டியதில்லை. நெருங்கிய வலையால் வாயை மூடி, குடம்பிகளை உண்ணும் சிறு மீன்களை விட்டால் போதுமானது. மாறாக, பாழ்கிணற்றில் குப்பை கொட்டுவதும், அதையே மலக்குழியாக மாற்றுவதும் மன்னிக்கத்தக்கவையல்ல. மணலின் வடிகட்டலுக்குக்கூட இடமின்றி, அழுக்கை நேரடியாக அயலாரின் நீரில் கலக்கும் செயல் அது.

எடுப்பதைக் குறைப்பதோடு கொடுப்பதைக் கூட்டவும் வழியுண்டு. முன்னர் வளவுகளில் மணல் திறந்திருந்தது. மழை நேரே இறங்கியது. இன்று முற்றங்கள் சீமெந்தாலும் கற்களாலும் மூடப்பட்டு, மழைநீர் வடிகான் வழியே கடலுக்கு ஓடுகின்றது. ஆயிரம் சதுர அடிக் கூரையின் மீது ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றர் மழை பெய்வதாகக் கொண்டால், ஏறத்தாழ ஓரிலட்சத்து நாற்பதாயிரம் லீற்றர் நீர் கிடைக்கின்றது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஓரிலட்சத்துக்கு மேல் எஞ்சும். பீலியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் விட்டால் அது நிலத்துக்குச் சேரும். இலங்கை அரசு 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கையை வகுத்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இதற்கெனத் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை அந்நகர மக்கள் கண்டனர். பின்னர் பராமரிப்புக் குன்றியதும் உண்மையே. நம்மிடம் சட்டம் உண்டு. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் மேசையில் அது எத்தனை தடவை நினைவுகூரப்படுகின்றது?

பள்ளிவாசல்கள் இதில் முன்னின்று வழிகாட்டலாம். நபியவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரால், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான நீரால், வுழூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் பாயும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் பத்து லீற்றர் செலவாகின்றது. ஜும்ஆவுக்கு ஐந்நூறு பேர் வந்தால் ஐயாயிரம் லீற்றர். பழைய ஹவுழில் அள்ளி வுழூச் செய்த காலத்தில் இவ்வளவு செலவானதில்லை. சவர்க்காரம் கலவாத இந்த நீரை வடிகானுக்கு அனுப்புவதற்கு மாறாக, வளவிலுள்ள தென்னைகளுக்கோ மணற்குழிக்கோ திருப்பிவிடலாம். ஒரு வாரச் செலவில் முடியக்கூடிய குழாய் வேலை அது. கோயில்களும் பாடசாலைகளும் தமது பெரிய கூரைகளைக் கொண்டு இதனினும் கூடுதலாகச் செய்ய இயலும்.

கல்முனைப் பிரதேசத்தில் எல்லைகள் குறித்து நீண்டகாலமாகக் கருத்து மோதல்கள் இருந்து வருகின்றன. எந்தச் செயலகம் யாருக்கு, எந்தச் சபை எங்கே பிரிய வேண்டும் என்பதற்காகக் கடையடைப்புகளும் உண்ணாவிரதங்களும் நடந்துள்ளன. அவற்றின் நியாயங்களை நாம் இங்கு ஆராயவில்லை. ஆனால் மணலின் கீழே மிதக்கும் நீர், தமிழ்ப் பகுதி எது, முஸ்லிம் பகுதி எது என்று பார்ப்பதில்லை. ஒரு தெருவில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டால் அடுத்த தெருவின் கிணறு உவர்க்கும். இந்த ஒரு விடயத்திலேனும் இரு சமூகத்தவரும் ஒரே மேசையில் அமர வேண்டிய தேவை தெளிவானது.

மாநகர சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் நீர் வழங்கல் சபையும் ஒன்றிணைந்து முதலில் செய்யத்தக்கது கிணறுகளைக் கணக்கெடுப்பதாகும். எத்தனை பாவனையில் உள்ளன, எத்தனை தூர்க்கப்பட்டன, எவை உவர்க்கின்றன, எவற்றில் நைத்திரேற்று உண்டு என்ற விபரம் வீதிவாரியாக வேண்டும். உவர்ப்பை அளக்கும் கைக்கருவி ஒரு பேனையளவே இருக்கும். பாடசாலை விஞ்ஞான மாணவர்களைக் கொண்டே அதனை அளந்து முடிக்கலாம். பொதுவான கழிவுநீர்த் திட்டம் அமையும் வரையில், அடித்தளம் திறந்த குழிகளுக்குப் பதிலாக அடைக்கப்பட்ட தாங்கிகளை அமைப்பதற்கும், அவற்றை உரிய காலத்தில் உறிஞ்சி அகற்றுவதற்கும் சபை ஏற்பாடு செய்ய வேண்டும். புதிய வீட்டு வரைபடங்களில் கிணறு, குழி ஆகியவற்றோடு அயல் வளவிலுள்ளவற்றையும் குறிக்கும்படி கேட்க வேண்டும். கணக்கெடுப்பை ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் தொடங்குவதே பொருத்தமானது. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் அந்நாட்களில்தான் எந்தக் கிணற்றில் உப்பு ஏறியுள்ளது என்பது தெரியவரும்; ஒக்டோபரில் மழை இறங்கிவிட்டால் எல்லாக் கிணறுகளும் நல்லவையாகவே தோன்றும்.