பாடும் வாயும் பதியும் கருவியும்

பிழைப்பு நாடி மலையேறிய குடும்பங்கள் தம்முடன் கொண்டு வந்த பொருள்களைக் கணக்கெடுத்தால் பட்டியல் சிறியதாகவே இருக்கும். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாத்திரங்கள், குலதெய்வக் கோயிலின் பிடிமண். ஆயினும் எடையில்லாத ஒரு செல்வமும் அவர்களோடு வந்தது. அது பாட்டு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மலைகளில் கொழுந்து கிள்ளியும் ஏலக்காய் எடுத்தும் வாழும் நம் மக்களாயினும் சரி, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் கொங்கு வழக்கு மாறாமல் பேசி உழவு செய்யும் நம் மக்களாயினும் சரி, தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் இன்றளவும் அவர்களிடையே வழங்கி வருகின்றன.

ஆனால் அவற்றைப் பாடுவோர் யார்? எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் மலையாளத்தில் படித்துப் பட்டம் பெற்று, வெளியூர்களில் வேலை பார்க்கின்றனர். பாட்டி பாடிய தாலாட்டின் முதலடி அவர்களுக்கு நினைவிருக்கிறது, இரண்டாமடி நினைவில்லை. ஏட்டில் எழுதப்படாத பாட்டு, பாடுபவரோடு போய்விடும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியபோது எழுபது பேரை இழந்தோம். குடும்பம் குடும்பமாகப் போயினர். அவர்கள் நெஞ்சிலிருந்த பாட்டுகள் எத்தனை என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

ஆதலின் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வைப்பது எப்படி, அதற்குக் குறைந்த செலவில் எத்தகைய ஒலிவாங்கியும் தாங்கியும் வாங்கலாம் என்று அன்பர்கள் கேட்பது மிகவும் முறையானதே. நாம் பட்டறிந்து கற்றவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், மூணாற்றுப் பக்கத்து லயம் ஒன்றில் எண்பது வயது மூதாட்டி ஒருவரின் தாலாட்டைப் பதியச் சென்றோம். நகரத்துக் கடையில் விலை உயர்ந்தது எதுவோ அதுவே நல்லது என்று எண்ணி, நுண்ணொலியையும் பிடிக்கவல்ல ஒலிவாங்கி ஒன்றைப் புதிதாக வாங்கிச் சென்றிருந்தோம். தாங்கி வாங்கக் காசு போதவில்லை. ஒரு செம்பைக் கவிழ்த்து, அதன்மேல் கருவியைச் சார்த்தி வைத்தோம். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க மறந்த கதைதான்.

பாட்டி பாடினார். தகரக் கூரையின்மேல் மழை பொழிந்தது. அடுத்த வீட்டில் குக்கர் சீறியது. இரண்டு வீட்டிற்கும் ஒரே சுவர். வீடு திரும்பிக் கேட்டபோது மழை முன்னால் நின்றது. பாட்டி எங்கோ பின்னால் இருந்தார். பதிவின் கடைசியில் அவர், "மழ விடட்டும் தம்பி, இன்னொருக்காப் பாடுறேன்" என்று சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அப்பொழுது கூரையில் மழை சற்றே தணிந்திருந்தது போலும். தை மாதம் நாம் மீண்டும் சென்றபோது அவருக்கு வாதம் கண்டு பேச்சு நின்றுவிட்டிருந்தது. அந்த ஒரு பதிவுதான் நம்மிடம் உள்ளது.

பிழை கருவியினுடையதன்று. அந்த வீட்டிற்கு அந்தக் கருவி பொருந்தாது என்பதை அறியாத நம்முடையதே.

இரு வகைக் கருவிகள்

1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் நம் நாட்டுப் பாடகர்களின் குரலை முதன்முதலில் பதிந்தபோது ஒலிவாங்கி பயன்படவில்லை. பாடுபவர் ஒரு பெரிய குழலின் வாய்க்குள் முகத்தை வைத்து உரக்கப் பாடவேண்டும். 1925க்குப் பிறகே மின்சார முறையிலான பதிவு பரவியது. அதன் பின்னரே மெல்லிய குரலுக்கும் வாழ்வு வந்தது.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரு வகை. முதலாவது டைனமிக். இதில் மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் நடுவே அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்கும். ஒலிபெருக்கியின் வேலையைத் திருப்பி வைத்தாற்போன்றது. திருவிழா மேடைகளில் பாடகர் கையில் காண்பது பெரும்பாலும் இவ்வகையே. கருவிக்குத் தனி மின்சாரம் வேண்டா. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. இரண்டாவது கண்டென்சர். இதில் மின்னேற்றம் பெற்ற இரு தகடுகளுள் ஒன்று ஒலியால் அதிரும். 1916இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த வென்டே இதனை உருவாக்கினார். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் எலக்ட்ரெட் தகட்டினைச் செய்து காட்டினர். இன்று சில நூறு ரூபாய்க்கும் ஒலிவாங்கி கிடைக்கிறதென்றால் அதற்கு அந்தக் கண்டுபிடிப்பே பெரிதும் காரணம்.

கண்டென்சர் நுட்பமானது, மூச்சின் இழைவையும் காட்டும். ஆனால் கடிகாரத்தின் ஓசையையும் அதே அன்போடு காட்டும். டைனமிக்கின் காது சற்று மந்தமானது. ஆகையால் அதனை வாயருகே வைத்துப் பாட வேண்டும். அருகில் பாடுவதால் குரல் பெரிதாகவும் சுற்றுப்புற ஓசை சிறிதாகவும் பதியும். அது மழையைத் தடுத்து நிறுத்துவதில்லை. குரலை மழைக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவே.

ஆகவே தகரக் கூரையும் பொதுச் சுவரும் உள்ள வீட்டிற்கு டைனமிக்கே தக்கது. காங்கிரீட் கூரையும் அமைதியான உள்ளறையும் உடைய வீட்டிற்குக் கண்டென்சர் ஏற்றது. எவ்வகையாயினும் கார்டியாய்டு என்னும் இதய வடிவக் கேட்புத் திறன் உடையதா என்று பார்த்து வாங்குக. அது முன்புறத்தை நன்கு கேட்டுப் பின்புறத்தை ஒதுக்கும். ஓசை வரும் சன்னலை ஒலிவாங்கியின் முதுகுக்கு நேரே வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இணைப்பும் செலவும்

யு.எஸ்.பி. இணைப்புள்ள ஒலிவாங்கியைக் கணினியில் நேரே செருகலாம். தக்க இணைப்பி இருந்தால் பெரும்பாலான கைப்பேசிகளிலும் செருகலாம். எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முனை இணைப்புள்ளதற்கு ஆடியோ இன்டர்பேஸ் என்னும் மற்றொரு பெட்டி வேண்டும். கண்டென்சராயின் அப்பெட்டி 48 வோல்ட் பேண்டம் பவர் தருவதாகவும் இருத்தல் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சில கண்டென்சர்களோடு சாதாரணக் காதுக்கருவி முனையுள்ள கம்பியைச் சேர்த்து விற்கின்றனர். அதைக் கணினியில் செருகினால் போதிய மின்னழுத்தம் கிட்டாமல் குரல் மெலிந்து இரைச்சல் மிகும். இரு இணைப்புகளும் ஒருங்கே உள்ள டைனமிக் ஒலிவாங்கிகளும் உண்டு. சாம்சன் கியூ2யூ அத்தகையது. இன்று யு.எஸ்.பி.யில் தொடங்கி, வசதி வந்தபின் பெட்டி வாங்க விரும்புவோர்க்கு அவ்வகை சாலப் பொருந்தும்.

கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கி, ஐந்து பங்கை ஒலிவாங்கிக்கும், இரண்டைத் தாங்கிக்கும், இரண்டைக் காதை முழுதும் மூடும் ஹெட்போனுக்கும், எஞ்சிய ஒன்றைப் பஞ்சு உறை முதலியவற்றுக்கும் ஒதுக்குவது நம் வழக்கம். முழுத் தொகையையும் ஒலிவாங்கியிலேயே கொட்டுபவர் நாம் கவிழ்த்த செம்பை நினைவிற் கொள்க. அவ்வளவும் இயலாதாயின் கவலை வேண்டா. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. அதனைக் கைப்பேசியில் செருகிப் பாட்டியின் முந்தானைக்கு மேலே குத்தினால் பேச்சுக்கும் தாலாட்டுக்கும் போதுமானது.

தாங்கி

தாங்கியில் மூவகை உண்டு. மேசைமேல் வைக்கும் குட்டை முக்காலி. மேசை விளிம்பில் இறுக்கும் மடக்குக் கை. தரையில் நிற்கும் நீண்ட கையுடைய முக்காலி. மலிவு முதலாவதே. ஆனால் மேசையைத் தட்டினால் அந்த அதிர்ச்சி பதிவில் இடியாக விழும். தாங்கியின் அடியில் நான்காக மடித்த சாக்கை இட்டால் அது தணியும்.

நம் மூத்தோர் நாற்காலியில் அமர்ந்து பாடுவதை விரும்புவதில்லை. பாயில் சம்மணமிட்டு அமர்ந்தால்தான் பாட்டு வரும். ஆதலின் தரைத் தாங்கி வாங்குவோர் அது எவ்வளவு உயரும் என்று மட்டும் பாராது, எவ்வளவு தாழும் என்றும் பார்க்க வேண்டும். அதன் மூன்று கால்களுள் ஒன்று, நீட்டிய கை இருக்கும் பக்கமே இருக்கட்டும். இல்லையேல் பளுவால் சாயும். சிறு துணிப்பையில் மணல் நிரப்பிக் காலின்மேல் வைப்பது செலவில்லாக் காப்பு. திருகாணியின் அளவிலும் கவனம் தேவை. எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் மூன்று அங்குலம் என இரு அளவுகள் வழக்கில் உள்ளன. பொருந்தாவிடின் இடையிலிடும் சிறு வளையம் ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்க. மலையிறங்கி மீண்டும் போவது அதன் விலையினும் மிகுந்த செலவாகும்.

மலையும் கணவாயும்

இடுக்கியில் பகை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் ஓங்கியிருக்கும் நாள்களில் பதிவை ஒத்திப் போடுக. தை, மாசி மாதங்களின் அமைதியான பிற்பகல் சிறந்தது. ஆயினும் உடல்நலம் குன்றிய மூத்தோர்க்கு இந்த விதி பொருந்தாது; அவர்களை மழையிலாயினும் பதிந்துவிட வேண்டும். மலை ஈரம் கண்டென்சரின் தகட்டுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியில் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கவும்.

பாலக்காட்டில் பகை காற்று. மார்கழி தொடங்கிக் கணவாய் வழியே கோவைப் பக்கமிருந்து வீசும் காற்று கதவிடுக்கிலும் ஊளையிடும். கோடையிலோ மின்விசிறி இன்றி இருக்க இயலாது. பஞ்சு உறை இடுக, சன்னலைச் சாத்துக, பாட்டு முடியும் வரை விசிறியை நிறுத்தி, ஒவ்வொரு பாட்டிற்கும் இடையே போடுக.

வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். மலைவீட்டுக் கம்பளிகளைக் கொடியில் தொங்கவிட்டால் அது அடங்கும். கண்டென்சராயின் வாய்க்கு ஒரு சாண் தொலைவும், டைனமிக்காயின் நான்கு விரற்கடைத் தொலைவும் போதும். மிக நெருங்கினால் குரல் கனத்து முழங்கும். பகரம் வரும் இடங்களில் காற்று மோதி வெடிப்பதைத் தடுக்க, பூத்தையல் வளையத்தில் மெல்லிய துணியைக் கட்டி இடையே நிறுத்துக. பதிவின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் செயலி கணினியில் போதும். பாட்டுக்கு முன் பத்து நொடி அமைதியைப் பதிந்தால் பின்னர் இரைச்சலைக் குறைக்க உதவும். கைப்பேசியை விமானநிலையில் வைக்க மறவாதீர்.

பாடுவோர் மனம்

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912-1981) கச்சேரியில் ஒலிவாங்கி வைப்பதை விரும்பாதவர். அது இருந்தால் வாசிக்க மறுத்த காலமும் உண்டு. அத்தகைய மேதைக்கே கருவியிடம் மனத்தாங்கல் இருந்ததெனில், நம் வீட்டு மூதாட்டி முகத்தெதிரே நிற்கும் இரும்பைக் கண்டு கூசுவதில் வியப்பில்லை. முதல் நாள் கருவியை வெறுமனே வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். பதியலாமா என்று கேளுங்கள். யாரெல்லாம் கேட்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். இறப்பு நேராத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது பலர் நம்பிக்கை. அதனை மதித்து, அவர் இசைந்தால் வீட்டுக்கு வெளியே பதியுங்கள்.

பதிவின் தொடக்கத்தில் பாடுபவரின் பெயர், ஊர், பாட்டை யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்க. சுருக்கப்படாத வேவ் கோப்பாக இரண்டு இடங்களில் சேமிக்க. ஒன்று வீட்டில், மற்றொன்று வெளியூரில் உள்ள உறவினரிடம்.

அன்பர்களே! நல்ல ஒலிவாங்கி வரும் வரை காத்திருக்க எண்ணாதீர்கள். நாம் பதிந்த அந்தத் தாலாட்டில் மழைதான் மிகுதி. ஆயினும் அதனை அடிக்கடி கேட்ட பாட்டியின் மகள், விட்டுப்போன அடிகளைத் தம் நினைவிலிருந்து எடுத்துச் சேர்த்து, சென்ற தை மாதம் முழுப் பாட்டையும் பாடினார். இம்முறை டைனமிக் ஒலிவாங்கி, மணல்மூட்டை வைத்த குட்டைத் தாங்கி, சுவரெங்கும் கம்பளி. குரல் தெளிவாகவே வந்துள்ளது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம்.