மெலிந்த சிப்பி

1986 சனவரியில் தைவானின் தென்மேற்குக் கரையில், எர்ரன் ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய பண்ணைகளில் சிப்பிகளின் சதை பச்சையாகிப்போனது. ஏராளமாகச் செத்தும் போயின. ஆற்றங்கரையில் பழைய மின்கம்பிகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் உலோகம் பிரித்துவந்தார்கள். அங்கிருந்து வந்த செம்புதான் காரணம். (பிரான்சின் மாரென் சிப்பியும் பச்சைதான். அதற்கு நிறம் தருவது ஒரு நுண்பாசி. அங்கே அது விலை கூடிய சரக்கு!) தைவானில் நடந்ததுபோல ஒன்று நடந்தால், சதையில் எவ்வளவு நஞ்சு ஏறியது என்றுதான் கேட்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று வரவை மட்டுமே அளக்கிறது. சதையிலிருந்து செலவானதை அந்த விதி கணக்கில் வைப்பதில்லை.

செலவு உண்மையில் பெரிது. நீரில் செம்பு கூடினால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. மூடிய ஓட்டுக்குள் இரையும் இல்லை, பிராணவாயுவும் இல்லை. சேமித்துவைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கரைத்துத்தான் உயிர் வாழ வேண்டும். சிப்பிச் சதையின் கொழுமைக்கும் மெல்லிய இனிப்புக்கும் இந்தக் கிளைகோஜன் முக்கியக் காரணம். உள்ளே புகுந்துவிட்ட உலோகத்தைக் கட்டிப்போட மெட்டலோதயோனின் என்ற புரதத்தையும் சிப்பி உருவாக்க வேண்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றல் பாதுகாப்புக்குப் போய்விடுகிறது.

'பரிசோதனையில் புரதச் சதவீதம் குறையவில்லையே' எனலாம். கிளைகோஜன் கரைந்தால் மிச்சத்தில் புரதத்தின் பங்கு தானாகவே கூடித் தெரியும். சதவீதம் ஏமாற்றும், ஓட்டின் அளவோடு சதையின் எடையை ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். முட்டையிட்ட பிறகும் சிப்பி மெலியுமே என்ற மறுப்பு வலுவானது. ஆகவே ஒரே பருவத்துச் சிப்பிகளைத்தான் ஒப்பிட வேண்டும். செம்பும் துத்தநாகமும் நமக்குத் தேவையான சத்துகள் அல்லவா என்பாரும் உண்டு. சுத்தமான நீரில் வளர்ந்த சிப்பியிலேயே துத்தநாகம் தாராளமாக இருக்கிறது. மாசு நீரில் அதோடு காட்மியமும் சேர்ந்து வரலாம். அப்படி வந்த காட்மியம் நம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

சமைத்தால் உலோகம் அழியாது. நீர் வற்றுவதால் கிராமுக்கு அதன் அளவு கூடவே செய்யலாம். விற்குமுன் சிப்பிகளைச் சுத்தமான நீர்த்தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருக்கும் முறை பாக்டீரியாவைக் குறைக்க நல்ல வழிதான். காட்மியம் வெளியேறவோ மாதக்கணக்காகும். அந்தத் தொட்டியில் இரை போடுவதும் வழக்கமில்லை என்பதால், உலோகம் அப்படியே இருக்க, மிச்சமிருந்த கிளைகோஜன்தான் இன்னும் கரைகிறது.