பகல் நடை, இரவுத் தங்கல்

கொல்கத்தா பவானிபூரில் ஆசுதோஷ் முகர்ஜி சாலையின் 77ஆம் எண் வீட்டை வங்காளத்தில் படித்தவர் பலரும் அறிவார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை வளர்த்தெடுத்த நீதிபதி சர் ஆசுதோஷ் முகர்ஜியின் வீடு அது. ஜனசங்கத்தைத் தொடங்கிய ஷியாமாபிரசாத் அவருடைய மகன்களில் ஒருவர். மலைப்பித்துப் பிடித்த வங்காளிக்கோ அந்த வீட்டைச் சொன்னதும் இன்னொரு மகனே நினைவுக்கு வருவார். அவர் உமாபிரசாத் முகோபாத்யாய். சட்டம் படித்தவர். சரத் சந்திரரின் ‘பதேர் தாபி’ நாவலை 1926இல் நூலாக வெளியிட்டவர். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு அதைத் தடைசெய்தது. தந்தை மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1928இல், தாய் யோகமாயா தேவியுடன் கேதார்–பத்ரி யாத்திரை போனார். அதன்பின் இமயம் அவரை விடவில்லை. ‘மணிமகேஷ்’ என்ற பயண நூலுக்கு 1971இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1997இல் மறைந்தபோது அவருக்கு வயது 95. மலையேறப் போகும் வங்காளி இளைஞர்கள் இன்றும் அவருடைய நூல்களைத் தேடிப் படிக்கிறார்கள்.

அந்த யாத்திரைப் பாதை நமக்கும் அந்நியமானதல்ல. தேவாரத்தில் திருக்கேதாரம் உண்டு. ஆழ்வார் பாசுரங்களில் வதரி உண்டு. பெரியாழ்வார் பாடிய கண்டங்கடிநகர்தான் இன்றைய தேவப்பிரயாகை. ஆனால் பாடல் பெற்ற தலம் என்று கும்பிடுகிற நாம், அங்கே மனிதர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், இரவில் எங்கே படுத்தார்கள் என்று கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியில்தான் அக்கறை.

ரிஷிகேசத்தைத் தாண்டி லட்சுமண் ஜூலாவில் நடை தொடங்கும். கங்கைக் கரையோடு தேவப்பிரயாகை, பிறகு ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாகை, குப்தகாசி, கௌரிகுண்டம், கேதாரம். அங்கிருந்து திரும்பி ஊக்கிமடம், சமோலி, ஜோஷிமடம் வழியாகப் பத்ரி. போய்வர வாரக்கணக்கில் ஆகும். வழி நெடுக, சில மைலுக்கு ஒன்றாகச் சட்டிகள் இருந்தன. சட்டி என்பது யாத்திரிகர் தங்கும் கொட்டகை: கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், புல்கூரை, சாணம் மெழுகிய தரை. முன்பக்கம் கடை. கோதுமை மாவு, அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, நெய், வெல்லம், உப்பு, விறகு எல்லாம் அங்கே விலைக்கு உண்டு. கடைக்காரரிடம் சாமான் வாங்கினால் படுக்க இடமும் சமைக்கப் பாத்திரமும் காசில்லாமல் கிடைக்கும். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரத்தைத் துலக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நம் ராமேசுவரம் சாலையின் சத்திரங்கள் அரசரும் வணிகரும் அறமாக நடத்தியவை. சட்டி அப்படியல்ல, ஒரு மலைக்குடும்பத்தின் பிழைப்பு. படுக்கைக்குக் காசு வாங்காத குடும்பம் அடுப்பில் ஏறும் பண்டத்தில் சம்பாதித்தது. (காளி கம்பளிவாலா தர்மசாலைகள் போன்ற அறநிலையங்களும் அந்த வழியில் இருந்தன, சாதுக்களுக்கு அங்கே இலவச உணவு.) சட்டிக் குடும்பத்தின் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் மாற்றங்களுக்கெல்லாம் இதுவே சாவி.

சட்டி வழியில் ஒரு நாள் விடியுமுன் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் முதல் பகுதி நடையை முடித்துவிட வேண்டும். முற்பகலில் ஒரு சட்டியில் இறங்கி, ஆற்றில் குளித்து, சமையல், சாப்பாடு, சற்று உறக்கம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. இருட்டுமுன் அடுத்த சட்டி. நடக்க முடியாத முதியவர்களை நால்வர் சுமக்கும் டண்டியிலோ, ஒருவர் முதுகில் சுமக்கும் கண்டிக் கூடையிலோ ஏற்றிப் போனார்கள். ஈக்கள் மொய்க்கும், காலரா வந்தால் சட்டி சட்டியாகப் பரவும். ருத்ரப்பிரயாகைப் பக்கத்தில் 1918 முதல் எட்டு ஆண்டுகள் ஒரு சிறுத்தை, பதிவான கணக்கின்படியே 125 பேரைக் கொன்றது. 1926 மே மாதம் ஜிம் கார்பெட் அதைச் சுட்டுக் கொன்ற குலாப்ராய், யாத்திரிகர் கொட்டகை இருந்த இடம்தான். உமாபிரசாத்தும் தாயும் அந்த வழியே நடந்தபோது அந்தப் பயம் ஓய்ந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. திரும்பி வருவோமா என்று தெரியாமல் கிளம்பிய காலம். அந்த நடையை அழகான பழங்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லைச் சாலை அமைப்பு 1960இல் உருவானது. 1962இல் சீனாவுடன் போர் நடந்தது. ராணுவ லாரி ஏற வெட்டிய சாலையில் யாத்திரிகர் பேருந்தும் ஏறியது. வாரக்கணக்கான நடை இரண்டு மூன்று நாள் பயணமாகச் சுருங்கியது. சட்டிகளுக்கு எந்தக் கேடும் யாரும் செய்யவில்லை. இரவு தங்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். மாவு விற்காத கடையில் அடுப்பு எரியாது. கேதாரத்தில் மட்டும் கௌரிகுண்டத்திலிருந்து மலைமேல் நடை எஞ்சியது. அதன் பாதி வழித் தங்கலான ராம்பாடாவை 2013 ஜூன் வெள்ளம் துடைத்தெடுத்துவிட்டது. இன்று கேதாரத்துக்கு ஹெலிகாப்டர் பறக்கிறது. 2023இல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய் வந்தார்கள். இடையில் இருக்கும் ஊர்களின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

பவானிபூர்க்காரர்களின் நடை அதோடு முடிந்துவிடவில்லை, திசை மாறியது. வங்காளிகள் 1960இல் நந்தாகுண்டி சிகரத்துக்கு ஒரு குழு அனுப்பினார்கள். அதன்பின் மலை மன்றங்கள் பெருகின. யாத்திரைக்குப் பதிலாக ‘ட்ரெக்கிங்’ வந்தது. பூஜை விடுமுறையிலும் வசந்தத்திலும் வங்காளி நடுத்தர வர்க்கம் ஓடிச் சேரும் வழிகளில் முதன்மையானது, டார்ஜிலிங் மாவட்டத்தில் நேபாள எல்லையை ஒட்டி ஓடும் சிங்கலீலா மலைமுதுகு. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு பவானிபூரில்தான் வந்து நின்றது. அந்த நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். 2025 ஆகஸ்ட் முதல் அங்கே ஏறி, எஸ்பிளனேடில் மாறினால், மெட்ரோவிலேயே சியால்தா போய் இரவு டார்ஜிலிங் மெயிலைப் பிடிக்கலாம். முதுகுப் பையும் குரங்குக் குல்லாவும் தெர்மாஸ் பிளாஸ்க்குமாக ஒரு குடும்பம் அந்த மெட்ரோவில் நின்றால் எங்கே போகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்கவே தேவையில்லை.

சிங்கலீலாவிலும் ஒரு ‘அன்று’ உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் டோங்லு, சந்தக்ஃபூ, ஃபாலுட் ஆகிய இடங்களில் டாக் பங்களாக்கள் இருந்தன. டார்ஜிலிங்கில் அனுமதிச் சீட்டு வாங்கி, உணவையும் படுக்கையையும் கூலியாட்கள் மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் குடியிருந்தவர்களுக்குச் சுமை தூக்குவதைத் தவிர அதில் பங்கில்லை. இன்று அந்த வழியூர்களான டும்லிங்கிலும் காளிபோக்ரியிலும் லாட்ஜ் நடத்துவது அந்த மலைக் குடும்பங்களே. இந்த ஒன்றில் ‘இன்று’ ‘அன்றை’விட எவ்வளவோ மேல் என்று அடித்துச் சொல்வேன்.

இங்கே ஒரு நாள் நடை இப்படிப் போகும். டும்லிங்கில் விடியலில் கஞ்சன்ஜங்கா சிவக்கும்போது எல்லோரும் கம்பளியைப் போர்த்தியபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள். சமையலறையில் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தேநீரும் திபெத்திய ரொட்டியும். வீட்டுக்கார அம்மாளை ‘தீதி’ என்று கூப்பிட்டால் போதும், அடுத்த ஊர் லாட்ஜுக்கு அவரே போன் போட்டு இடம் சொல்லிவிடுவார். பிறகு தேசியப் பூங்காவுக்குள் இறக்கம். கைரிபாஸில் சாவடி, சீட்டுப் பார்வை, ஒரு கிண்ணம் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப். டும்லிங் நேபாளம், கைரிபாஸ் இந்தியா, காளிபோக்ரி மறுபடி நேபாளம். கால் எத்தனை முறை எல்லை தாண்டியது என்று கணக்கே இருக்காது. ஏப்ரலில் போனால் குராஸ் என்கிற ரோடோடென்ட்ரான் பூத்து மலையே சிவந்திருக்கும். காளிபோக்ரியின் கறுத்த குளத்தருகே மாலையில் மூடுபனி இறங்கும். இரவுக்குச் சோறு, பருப்பு, கீரை, முட்டைக் குழம்பு. தலைக்கு இவ்வளவு என்று சாப்பாடும் படுக்கையும் சேர்த்துக் கணக்கு. பழைய சட்டிக்காரரின் கணக்குதான் இது. விருந்தாளி ராத்தங்கி இரண்டு வேளை சாப்பிட்டால்தான் வீட்டுக்கு வருமானம்.

மானேபஞ்ஜங்கிலிருந்து 3636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்குச் சுமார் 31 கிலோமீட்டர். முன்பெல்லாம் கற்பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் மட்டுமே குலுங்கிக் குலுங்கி ஏறின. அதில் ஏறுவதைவிட நடப்பதே சுகம் என்று நடந்தவர்கள் உண்டு. இப்போது பாதையின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. நேபாளமும் தன் பக்கம் சாலை போட்டுவிட்டது. பொலேரோக்கள் சில மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விடுகின்றன. உச்சியில் ஹோட்டல்கள் மாடி மேல் மாடியாக எழுகின்றன. கைரிபாஸிலும் காளிபோக்ரியிலும் வண்டி நிற்பது ஒரு தேநீருக்கு.

உடம்பும் இதற்கு விலை கொடுக்கிறது. சுமார் 2000 மீட்டரில் இருக்கும் மானேபஞ்ஜங்கிலிருந்து மூன்று நாளில் ஏறியவருக்கு, இரவுதோறும் தங்கிய லாட்ஜே உடம்பைப் பழக்கும் மருந்தாக இருந்தது. ஒரே நாளில் ஏறுகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை. சந்தக்ஃபூ போன பயணிகள் சிலர் 2024இல் இறந்தார்கள். அதன்பின்தான் மேலே போகுமுன் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்ற பேச்சு மாவட்ட நிர்வாகத்தில் வலுத்தது. இளையவர், வயதானவர், இதய நோய் உள்ளவர் யாராயினும் வழியில் ஓரிரவாவது தங்கி ஏறுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காகச் சாலையே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிப் போன வேதனை, விடுமுறையில் வந்து போகிற நமக்குத் தெரியாது. சாலை மலைவாசிகளின் உரிமை. நாம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: சாலை போகட்டும், அதன் பக்கத்தில் காட்டுக்குள் போகும் காலடிப் பாதையை மூடாமல், அடையாளக் கல் நட்டு, சீராக வைத்திருங்கள். நடக்கிறவன் ஜீப் புழுதியில் நடக்க வேண்டியிராவிட்டால் நடுவழி ஊர்களில் தங்குவான். ஃபாலுட்டிலிருந்து இறங்கும் பக்கம் இதற்கு நல்ல சாட்சி. கோர்க்கே என்ற ஊர் ஓடைக்கரையில் இருக்கிறது. மக்காச்சோளம் காயும் திண்ணைகள், மரவீடுகள். அங்கே போய்ச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இன்னும் கால்நடையாகத்தான் வருகிறார்கள். அதனால் ராம்மாம், ஸ்ரீகோலா வரை வழியில் ஹோம்ஸ்டேக்கள் பிழைத்திருக்கின்றன.

கங்கைக் கரையின் பழைய பாதைக்கும் இப்போது மவுசு திரும்பியிருக்கிறது. கேதாரமும் பத்ரியும் அடங்கிய சார்தாம் யாத்திரையின் மறைந்துபோன நடைவழியைத் தேட உத்தராகண்ட் அரசு 2022இல் ஒரு குழுவை அனுப்பியது. புதர் வெட்டுவதும் பலகை வைப்பதும் எளிது. அந்த வழியின் ஊர்களில் பல வீடுகள் பிழைப்பு தேடிப் போனவர்களால் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வீட்டையாவது திறந்து, அங்கே சமைத்துப் போட ஒரு குடும்பத்துக்கு முதல் சில ஆண்டுகள் அரசு கைகொடுத்தால், ரிஷிகேசத்திலிருந்து தேவப்பிரயாகை வரையாவது மறுபடி நடக்கலாம்.